ஈயம், ரத்தம், பதிவேடு: ஒரு பழைய குறிப்புக்குத் திருத்தம்

சில வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்துத் தண்ணீர் விவகாரம் பற்றி இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். ஒரு குழந்தை மருத்துவர் ஆஸ்பத்திரிக் கணினியில் கிடந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துப் பார்த்தார், குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது, அதை வெளியில் சொன்னார், அரசு பணிந்தது. மூன்றே பத்தி. நல்லவர், கெட்டவர், முடிவு எல்லாம் கச்சிதம்.

போன மாதம் பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "அதே ஆஸ்பத்திரி டேட்டாவை வச்சு, ஃபிளின்ட் குழந்தைங்க ரத்தத்துல ஈயம் பாதியா குறைஞ்சிருக்குன்னு இன்னொரு பேப்பர் வந்திருக்கே, பார்க்கலையா நீங்க?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அன்று ராத்திரி தேடி எடுத்துப் படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வேறு எதுவும் ஓடவில்லை. ஒரே பதிவேடு. ஒருத்தர் ஏறியது என்கிறார், இன்னொருத்தர் இறங்கியது என்கிறார். இரண்டு பேருமே கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. அது எப்படி என்பதை எனக்கே விளக்கிக்கொள்ள எழுதியதுதான் இது. பழைய குறிப்பை அழிக்கவில்லை, அதன் தலையில் இந்தப் பதிவுக்கு ஒரு சுட்டி போட்டிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. ஈயத்தால் உடம்புக்கு ஒரு உபயோகமும் கிடையாது. கால்சியம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் வேஷம் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். வளரும் மூளைக்கு அது கெடுதல். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ரத்தத்தில் அதை அளப்பது டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில். இனிமேல் வெறும் மைக்ரோகிராம் என்றே எழுதுகிறேன். கவலைப்பட வேண்டிய கோடு எங்கே என்பது காலத்துக்குக் காலம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1960களில் 60, 1970களில் 40, பிறகு 30, 1985இல் 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. அறுபதுகளில் டாக்டர் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய குழந்தையை இன்று நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள்.

அங்கே பல மாநிலங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. எந்த ஆய்வகம் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் பார்த்தாலும் முடிவை மாநில சுகாதாரத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி, விரல் நுனியில் குத்தி எடுத்ததா நரம்பில் எடுத்ததா, எத்தனை மைக்ரோகிராம் எல்லாம் அதில் இருக்கும். ஏழைக் குடும்பங்களுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு 12 மாதத்திலும் 24 மாதத்திலும் இந்தப் பரிசோதனை கட்டாயம். இப்படி வருடக்கணக்கில் வந்து சேர்வதுதான் பதிவேடு. ஆராய்ச்சிக்கென்று யாரும் இதை ஆரம்பிக்கவில்லை. ஈயம் அதிகமுள்ள குழந்தையின் வீட்டுக்கு ஒரு நர்ஸை அனுப்பி, சுவரில் பழைய பெயின்ட் உதிர்கிறதா என்று பார்க்கச் சொல்வதற்காக வந்த ஏற்பாடு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஃபிளின்ட்டுக்கு முன்னால் வாஷிங்டன் டி.சி.க்குப் போக வேண்டும். என் பழைய குறிப்பில் இந்தப் பகுதியே இல்லை. இது இல்லாமல் ஃபிளின்ட் புரியாது.

2000 நவம்பரில் வாஷிங்டனில் குடிநீரில் கலக்கும் கிருமிநாசினியை மாற்றினார்கள். குளோரினுக்குப் பதில் குளோரமின். குளோரின் தண்ணீரில் உள்ள கரிமப் பொருட்களோடு சேர்ந்து உண்டாக்கும் வேண்டாத சேர்மங்களைக் குறைப்பதற்காக. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தெருக் குழாயிலிருந்து உள்ளே போகும் இணைப்பு ஈயக் குழாய். இத்தனை காலம் குளோரின் அந்தக் குழாயின் உட்புறத்தில் ஈய ஆக்சைடாக ஒரு படலத்தைக் கட்டி வைத்திருந்தது. கெட்டில் அடியில் படியும் உப்பு மாதிரி. அது தண்ணீரில் கரையாது. குளோரமின் வந்ததும் வேதிச் சூழல் மாறியது, படலம் கரைய ஆரம்பித்தது. மேலே மத்திய அரசு வைத்திருந்த செயல் வரம்பு பில்லியனில் 15 பங்கு ஈயம். 2003இல் சோதித்த 6,118 வீடுகளில் 4,075 வீடுகள் அந்த வரம்பைத் தாண்டின. ஊர் மக்களுக்கு இது தெரிந்தது 2004 ஜனவரி 31 அன்று, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்ட பிறகுதான்.

ஊரே கொந்தளித்தது. குழந்தைகளுக்கு என்ன ஆச்சு? பதில் சொல்ல வேண்டியது சிடிசி, அதாவது நோய்க் கட்டுப்பாட்டு மையம். இரண்டே மாதத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், தன்னுடைய வார இதழில் ஒரு அறிக்கை போட்டது. அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, தண்ணீரில் பில்லியனில் 300 பங்குக்கு மேல் ஈயம் இருந்த 98 வீடுகளைச் சேர்ந்த 201 பேரின் ரத்தத்தைப் பார்த்தோம், ஒருவருக்குக்கூட கவலைக்குரிய அளவைத் தாண்டவில்லை. இரண்டு, நகரத்தின் ரத்தப் பரிசோதனைப் பதிவேட்டை வருடவாரியாகப் பார்த்தோம், தண்ணீரால் ஏதோ கொஞ்சம் ஏற்றம் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

படித்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். தண்ணீர் ஈயத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதற்கு அத்தாட்சியாக மற்ற ஊர்களிலும் இந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் எட்வர்ட்ஸ் என்று ஒரு பேராசிரியர். குழாய் அரிப்புதான் அவர் துறை. அவருக்கு இது செரிக்கவில்லை. அவ்வளவு ஈயம் கலந்த தண்ணீரைக் குடித்து ரத்தத்தில் ஏறாமல் இருக்க வழியே இல்லையே! அடுத்த ஆறு வருடம் அவர் செய்தது, எளிமையாகச் சொன்னால், இரண்டு கேள்வி கேட்டதுதான்.

முதல் கேள்வி: அந்த 201 பேர் எப்போது ரத்தம் கொடுத்தார்கள்? பத்திரிகையில் செய்தி வந்த பிறகு. அதற்குள் பலர் பாட்டில் தண்ணீருக்கு மாறியிருந்தார்கள், வடிகட்டி போட்டிருந்தார்கள். சிலர் பல மாதம் முன்பே நிறுத்தியிருந்தார்கள். ரத்தத்தில் ஏறிய ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். குறைந்தது என்றால் வெளியே போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஒரு பகுதி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மூளையில் செய்த வேலையைச் செய்துவிட்டிருக்கும். ரத்தம் மட்டும் சுத்தமாகத் தெரியும். தவிர அந்த 201 பேரில் பெரும்பாலோர் பெரியவர்கள். தீ அணைந்து புகையும் அடங்கிய பிறகு வந்து மூக்கை நீட்டி, வாடையே இல்லையே என்று சொன்ன கதை.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: 2003ஆம் வருடத்துக்குப் பதிவேட்டில் எத்தனை பரிசோதனை இருக்கிறது? முந்தின வருடங்களோடு ஒப்பிட்டால் அது திடீரென்று குறைந்திருந்தது. தண்ணீரில் ஈயம் உச்சத்தில் இருந்த வருடத்துக்குச் சேர்ந்த ஆயிரக்கணக்கான முடிவுகள் சிடிசி கணக்குப் போட்ட கோப்பில் இல்லவே இல்லை. ஆய்வகத்திலிருந்து நகர சுகாதாரத் துறைக்கும் அங்கிருந்து சிடிசிக்கும் வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன. விழுந்தவை தற்செயலாகவா விழுந்தன, எல்லாம் குறைந்த அளவுகளா கூடின அளவுகளா என்று தெரியாமலேயே மீதி இருந்ததை வைத்துக்கொண்டு கோடு இழுத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். இது எனக்கு முதலில் சின்ன அலுவலகக் கவனக்குறைவாகத்தான் பட்டது. யோசித்தால், பதிவேட்டை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சியிலும் பெரிய ஆபத்து இதுதான். ஆராய்ச்சியாளரே ரத்தம் எடுத்திருந்தால் குப்பி காணோம் என்று அவருக்குத் தெரியும். பதிவேட்டில் வராத முடிவு வராத மாதிரியே தெரியாது. காலி இடம்கூட இருக்காது. வரிசை எண் 4,000க்கு அடுத்தது 4,001 என்றுதான் ஓடும். வருடவாரியாக எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து நிமிட வேலை.

எட்வர்ட்ஸ் பதிவேட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாஷிங்டனின் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்தே ஆய்வக முடிவுகளை வாங்கினார். குழந்தைகளை வயதுவாரியாகப் பிரித்தார். ஒன்றேகால் வயது வரைக்கும் உள்ள சின்னக் குழந்தைகளில் 10 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களின் வீதம், மாற்றத்துக்கு முந்தைய 2000ஐவிட 2001 முதல் 2003 வரை நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஏன் அந்த வயது? பால்பவுடரைக் கரைத்துக் குடிக்கும் வயது. குடிப்பது முழுக்கத் தண்ணீர், உடம்பு எடையோ ஏழு எட்டு கிலோ. எல்லா வயதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் அந்த ஏற்றம் கரைந்து போகும். கட்டுரை 2009இல் வந்தது. 2010 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸின் அறிவியல் துணைக்குழு விசாரித்து, சிடிசி அறிக்கையின் தரவு குறைபாடுள்ளது, அதன் அனுமானங்கள் தவறானவை என்று எழுதியது. சிடிசியின் சொந்த ஆய்வாளர்களே பிற்பாடு முழுமையான பதிவேட்டை வைத்துப் பார்த்து, ஈயக் குழாய் இணைப்புள்ள வீட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததை உறுதி செய்தார்கள். ஆனால் ஆறு வருடம் போய்விட்டது. 2002இல் பால்பவுடர் குடித்த குழந்தை அதற்குள் மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும்.

வாஷிங்டனில் அந்தச் சமயத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்த குடிநீர்ப் பொறியாளர் ஒருவர், எலின் பெட்டான்சோ. அவர் ஊர் மிச்சிகன். பள்ளிக்கூடத் தோழி மோனா ஹன்னா-அடிஷா ஃபிளின்ட்டில் ஹர்லி மருத்துவமனையில் குழந்தை மருத்துவர். 2015 ஆகஸ்ட் 26 அன்று மோனாவின் வீட்டில் ஒரு விருந்து. பேச்சுவாக்கில் எலின், ஃபிளின்ட் தண்ணீரில் அரிப்புத் தடுப்பு மருந்து கலக்கவே இல்லை என்று கேள்விப்பட்டதாகவும், வாஷிங்டனில் நடந்ததை நேரில் பார்த்தவள் என்ற முறையில் தனக்குப் பயமாக இருப்பதாகவும் சொல்கிறார். உன் ஆஸ்பத்திரியில் ரத்த ஈய முடிவுகள் இருக்குமே, எடுத்துப் பாரேன் என்கிறார். இரண்டு ஊர்க் கதையையும் இணைக்கிற ஆணி இந்த ஒரு ராத்திரிதான்.

ஃபிளின்ட்டில் நடந்தது பலருக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர், தொழிற்சாலைகள் போன பிறகு நொடித்துப்போன ஊர், சுமார் ஒரு லட்சம் பேர். செலவைக் குறைக்க 2014 ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரை எடுக்க ஆரம்பித்தார்கள். ஆற்று நீரில் குளோரைடு அதிகம், அரிக்கும். டெட்ராய்ட் நீரில் பாஸ்பேட் கலந்திருந்தார்கள், இதில் அதுவும் இல்லை. அதே வருடம் அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் உதிரிபாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை மனுஷங்க இன்னும் ஒரு வருஷம் குடிச்சாங்க. லீயான் வால்டர்ஸ் என்ற தாய் விடாமல் போராடி, கடைசியில் எட்வர்ட்ஸ் குழுவை வரவழைத்தார். அவர் வீட்டு மாதிரி ஒன்றில் பில்லியனில் 13,200 பங்கு ஈயம். 5,000 பங்கைத் தொட்டாலே அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்துகிற நாடு அது.

இப்போது பதிவேட்டுக்கு வருவோம். மிச்சிகன் மாநிலத்திடம் எல்லா ஆய்வகங்களின் ஈய முடிவுகளும் இருந்தன. 2015 ஜூலையில், ஆளுநர் அலுவலகத்திலிருந்து ஒரு விசாரிப்பு வந்த பிறகு, மாநில சுகாதாரத் துறையில் அதை எடுத்தும் பார்த்திருக்கிறார்கள்! என் பழைய குறிப்பில் அரசு பார்க்கவே இல்லை என்று எழுதியிருந்தேன், அது தப்பு. பார்த்தார்கள். தண்ணீர் மாறிய பிறகு வந்த கோடைகாலத்தில், 2014 ஜூலை முதல் செப்டம்பர் வரை, வழக்கத்தைவிட உயர்வு இருப்பதை ஒரு ஆய்வாளர் கண்டும் பிடித்தார். ஆனால் துறை எடுத்த முடிவு வேறு: கோடையில் எப்போதும் கொஞ்சம் ஏறும், அதுதான் இது.

இதைப் படித்ததும் கோபப்படுவது சுலபம். ஆனால் அந்த வாதத்தில் முட்டாள்தனம் இல்லை. கோடையில் குழந்தைகள் வெளியே விளையாடுவார்கள், காய்ந்த மண்ணில் பழைய பெட்ரோல் ஈயம் இன்னும் இருக்கிறது, ஜன்னலைத் திறந்து மூடினால் பெயின்ட் தூள் உதிரும். ஃபிளின்ட்டிலேயே கோடைதோறும் ரத்த ஈயம் ஏறுவதைப் பிற்பாடு தனியாக ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால் வெயிலில் குழாயிலிருந்தும் ஈயம் அதிகம் கரையும். இரண்டு காரணமும் ஒரே மாதத்தில் ஒரே திசையில் தள்ளும். வரைபடத்தைப் பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் ஒரே மாதங்களை வேறு வேறு வருடங்களோடு ஒப்பிட வேண்டும், தண்ணீர் மாறாத பக்கத்து ஊரோடும் ஒப்பிட வேண்டும்.

மோனா செய்தது அதுதான். மாநிலத்திடமும் மாவட்டத்திடமும் கேட்டுப் பார்த்தார், பதிவேடு கைக்கு வரவில்லை. தன் ஆஸ்பத்திரிக் கணினியிலிருந்தே எடுத்தார். அந்தச் சுற்றுவட்டாரக் குழந்தைகளில் பெரும்பகுதிக்கு ஈயப் பரிசோதனை அங்கேதான் நடந்தது. 2013 ஜனவரி 1 முதல் செப்டம்பர் 15 வரை ஒரு கட்டு, 2015இல் அதே தேதிகள் ஒரு கட்டு. செப்டம்பர் 24 அன்று செய்தியாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்: 5 மைக்ரோகிராமைத் தாண்டிய குழந்தைகள் 2.1 சதவீதத்திலிருந்து 4 சதவீதம். அரசுத் தரப்பு உடனே பாய்ந்தது. அவர் எண்களை இஷ்டத்துக்கு நறுக்கி வைத்திருக்கிறார், எங்கள் பதிவேட்டில் அப்படித் தெரியவில்லை என்று சொன்னார்கள்.

அரசின் பதிவேட்டில் ஏன் தெரியவில்லை? இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். காரணம் அஞ்சல் குறியீடு. தபாலில் ஃபிளின்ட் என்று முகவரி போடும் குறியீடுகள் பல, நகர எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஊராட்சிகளுக்கும் போகும். அந்த வீடுகள் எப்போதும் போல டெட்ராய்ட் தண்ணீர்தான் குடித்தன, அல்லது சொந்தக் கிணறு. அவர்களையும் ஃபிளின்ட் குழந்தைகள் என்று சேர்த்துக் கூட்டினால் காபியில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட மாதிரி ஆகிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ரிக் சாட்லர் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் குத்தி, எது உண்மையில் நகரத் தண்ணீர் வீடு என்று பிரித்தார். அப்படிச் சரிசெய்த கணக்கு 2016 பிப்ரவரியில் அமெரிக்கப் பொது சுகாதார இதழில் வந்தது. நகரத்துக்குள் 2.4 சதவீதம் 4.9 ஆனது. தண்ணீரில் ஈயம் அதிகமிருந்த வட்டாரங்களில் 4 சதவீதம் 10.6 ஆனது. நகரத்துக்கு வெளியே 0.7 என்பது 1.2, புள்ளியியல் கணக்கில் அது மாற்றமாகக் கொள்ளத்தக்கதல்ல.

அதற்குள் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் பத்திரிகை அரசின் எண்களையே எடுத்துப் பார்த்து ஏற்றம் இருக்கிறதே என்று எழுதிவிட்டது. ஒரு வாரத்தில் மாநிலமும் ஒப்புக்கொண்டது. அக்டோபர் 1 அன்று மாவட்டம் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அக்டோபர் 16 அன்று நகரம் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பியது.

என் பழைய குறிப்பு இங்கே முடிந்தது. நண்பர் சொன்ன பேப்பர் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2018இல் ஹெர்னான் கோமெஸ் என்ற நச்சியல் மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை போட்டார்கள். அவரும் அதே ஹர்லி மருத்துவமனைக்காரர்தான். 2006 முதல் 2016 வரை பதினோரு வருடம், ஃபிளின்ட் குழந்தைகளின் 15,817 பரிசோதனைகள். சராசரி 2.33 மைக்ரோகிராமிலிருந்து 1.15க்கு இறங்கியிருந்தது, அதாவது பாதி. நடுவில் இரண்டு இடத்தில் லேசான மேடு. தண்ணீர் மாறிய பிறகு 1.19 என்பது 1.30 ஆனது ஒன்று. இன்னொன்று 2010இலிருந்து 2011க்கு, 1.75 என்பது 1.87. அப்போது டெட்ராய்ட் தண்ணீர்தான் ஓடியது, யாரும் கவனிக்கக்கூட இல்லை. 5 மைக்ரோகிராமைத் தாண்டியவர்கள் 2006இல் 11.8 சதவீதம், 2016இல் 3.2. அந்த வருடமே கோமெஸும் கிம் டீட்ரிக் என்ற ஆய்வாளரும் நியூயார்க் டைம்ஸில், ஃபிளின்ட் குழந்தைகளுக்கு விஷம் ஏறியது என்று சொல்லாதீர்கள், ஈயத்துக்கு ஆட்பட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று வாதாடினார்கள்.

ஊரில் பலருக்கு இது துரோகமாகப் பட்டது. எனக்கும் முதலில் அப்படித்தான். பிறகு நானே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோனாவின் கட்டுரையில் முந்தைய காலத்துக் குழந்தைகள் 736, பிந்தைய காலத்தில் 737. அதில் 2.4 சதவீதம் என்றால் சுமார் 18 குழந்தைகள். 4.9 சதவீதம் என்றால் சுமார் 36. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியான அந்த 'இரண்டு மடங்கு' என்பது இந்தப் பதினெட்டு குழந்தைகளின் வித்தியாசம். ஏற்றம் பொய் என்று சொல்ல வரவில்லை. சிடிசி 2016 ஜூலையில் தனியாக, 7,306 குழந்தைகளின் 9,422 பரிசோதனைகளை வைத்துப் பார்த்தபோதும், ஆற்றுத் தண்ணீர் காலத்தில் 5 மைக்ரோகிராமைத் தாண்டும் சாத்தியக்கூறு விகிதம் முன்பைவிட 46 சதவீதம் அதிகம் என்றுதான் வந்தது. ஏற்றம் உண்மை. எவ்வளவு பெரிய ஏற்றம் என்பதில்தான் நான் நிதானமில்லாமல் எழுதிவிட்டேன்.

ஆக இரண்டு பேர் சொல்வதும் சரி. நாற்பது வருடமாக அந்த நாட்டில் ஈயம் இறங்கிக்கொண்டே வருகிறது, பெட்ரோலிலிருந்து எடுத்தார்கள், பெயின்ட்டிலிருந்து எடுத்தார்கள். 1970களின் கடைசியில் அமெரிக்கக் குழந்தைகளின் சராசரியே 15 மைக்ரோகிராம் பக்கம். அந்த நீண்ட இறக்கத்தில் ஃபிளின்ட் தண்ணீர் ஒரு மேட்டை உண்டாக்கியது. தூர நின்று பார்த்தால் இறக்கம் தெரியும், கிட்டத்தில் பார்த்தால் மேடு தெரியும்.

ஆனாலும் கோமெஸ் கட்டுரையை மூடி வைத்தபோது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. வாஷிங்டனில் எட்வர்ட்ஸ் கண்டுபிடித்த குழந்தைகளின் வயது! பதிவேட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பரிசோதனைக்கு வந்தவர்கள். நான்கு மாதக் கைக்குழந்தைக்கு, பால்பவுடரில் நாள் முழுக்கக் குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைக்கு, யாரும் ஈயம் பார்ப்பதில்லை. வழக்கமில்லை. சுவர் பெயின்ட்டைப் பிய்த்து வாயில் போடுவது தவழ்ந்து நடக்கும் வயதுக் குழந்தை, அதற்கான ஏற்பாடுதானே இது? அந்தக் கைக்குழந்தை ஒரு வயதில் வரிசைக்கு வரும்போது திட உணவுக்கு மாறியிருக்கும், குடிக்கும் தண்ணீர் குறைந்திருக்கும், ரத்தத்தில் ஏறியது பல முறை பாதியாகிப் பாதியாகி இறங்கியிருக்கும். 15,817 என்ற எண்ணைக் கேட்டதும் எல்லாம் அடங்கியது போலத் தோன்றுகிறது. யாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டுமோ அவர்கள்தான் அதில் குறைவு. செய்தி பரவிய பிறகு நடந்ததும் உண்டு. 2015 அக்டோபருக்குப் பின் ஊரே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு ஓடியது. ஆபத்தில்லாத வீட்டுக் குழந்தைகளும் வரிசையில் நின்றார்கள், எண்ணிக்கை ஏறியது. அப்படி வந்தவர்களையும் சேர்த்து வகுத்தால் சதவீதம் தானாகவே இறங்கும். தண்ணீர் நல்லதானதால் இறங்கியது எவ்வளவு, வரிசை நீண்டதால் இறங்கியது எவ்வளவு?

கோமெஸ் எழுப்பிய இன்னொரு கவலையை என்னால் ஒதுக்க முடியவில்லை. 'விஷம் ஏறிய தலைமுறை' என்று பத்து வருடம் ஒரு ஊர்க் குழந்தைகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 2024இல் வந்த ஒரு ஆய்வு ஃபிளின்ட் பள்ளிக்கூடப் பதிவுகளை எடுத்தது. நெருக்கடிக்குப் பிறகு கணக்குப் பாட மதிப்பெண் குறைந்திருந்தது, சிறப்புக் கல்வி தேவைப்படுவதாகக் குறிக்கப்பட்ட குழந்தைகள் கூடியிருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு ஈயக் குழாய் இருந்த குழந்தைக்கும் தாமிரக் குழாய் இருந்த குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈயம் மட்டும் காரணமென்றால் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பயம், அலைச்சல், நம்பிக்கை போனது, இதெல்லாம் எந்த ஆய்வகச் சீட்டிலும் வராது. நானும் 'விஷம்' என்ற வார்த்தையைத்தான் தலைப்பிலேயே போட்டிருந்தேன். அதை மாற்றிவிட்டேன்.

இதையெல்லாம் படிக்கும்போது நம்ம ஊரைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. ஈயமில்லாப் பெட்ரோல் 2000இல் முழுசாக வந்த பிறகும் அவர்களின் சராசரி ரத்த ஈயம் 11.4 மைக்ரோகிராம். ஃபிளின்ட்டில் தண்ணீர் மாறிய பிறகு இருந்த சராசரியைப்போல எட்டு மடங்குக்கு மேல். அந்த எண் நமக்குத் தெரிவதே ஆராய்ச்சியாளர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய் ரத்தம் எடுத்ததால்தான். இங்கே எல்லாக் குழந்தைக்கும் ஈயம் பார்க்கும் வழக்கம் கிடையாது. அப்பாவின் பத்து வருடச் சர்க்கரைச் சீட்டுகள் மூன்று வேறு வேறு லேப்களின் உறைகளில், பீரோவின் கீழ்த்தட்டில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கின்றன. அதை வருடவாரியாக அடுக்க உட்கார்ந்தபோது 2016க்கு ஒரு சீட்டுகூட இல்லை. அந்த வருடம் அவர் பரிசோதனைக்கே போகவில்லையா, போய் எடுத்த சீட்டு தொலைந்ததா என்று கேட்டேன். "போயிருப்பேன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.